நடு விளக்கு

ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். இரண்டுதான் நடக்கின்றன என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒருவன் போனில் சொன்னான்.

செண்பகவல்லிக்கு இந்த மாதிரிப் புகார் புதிதல்ல. கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி அது. எந்த வலைப்பக்கத்தில் எது ஓடவில்லை என்றாலும் போன் அவள் மேசைக்குத்தான் வரும். பதினாறு வருடமாக வருகிறது.

“அக்கா, நான் அந்தோணிராஜ். ஆஸ்பத்திரில தியேட்டர் டெக்னீசியன். போன வாரந்தான் சேந்தேன்.”

“சொல்லுங்க தம்பி.”

“நரம்புத் தொப்பிக்கு நீங்க எழுதின பக்கத்துல ‘தொடங்கு’ன்னு ஒரு பட்டன் இருக்குல்லா? அமுக்கினா மூணு விளக்கும் பச்சையாகணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. இங்க முதல் விளக்கும் மூணாவது விளக்கும் பச்சையாகுது. நடு விளக்கு சாம்பலாவே கெடக்கு.”

“எத்தனை நாளா?”

“சிஸ்டர்ட்ட கேட்டேன். அந்த விளக்கோட கலரே அதுதான்னு சொல்லுதாங்க.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. நடு விளக்கு எந்த வேலைக்கு என்பது அவள் நினைவுக்கு வந்துவிட்டது.

மயக்க மருந்து டாக்டர் கிடைப்பது அந்தப் பக்கத்து ஊர்களில் குதிரைக் கொம்பு. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நரம்புத் தொப்பி. ஊசி கிடையாது, மயக்க வாயு கிடையாது. நோயாளியின் தலையில் தொப்பியை மாட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் திரையில் பொத்தானை அழுத்தினால் போதும். பொத்தான் மூன்று ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகளை, அதாவது தலா ஒரு வேலை செய்யும் சிறு நிரல்களை, ஒன்றன் பின் ஒன்றாகக் கூப்பிடும். முதலாவது, உடம்பை அசையாமல் நிறுத்தும். இரண்டாவது, வலி மூளைக்குப் போகாமல் தடுக்கும். நோயாளி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருப்பார் என்பதால், கத்தியையும் ரத்தத்தையும் பார்த்த பயம் பிறகு தங்கிவிடக் கூடாது என்று மூன்றாவது ஒன்றும் வைத்திருந்தார்கள். அது அந்த மணி நேரத்து நினைவை ஒட்டவிடாமல் செய்யும். தொப்பி வெளிநாட்டுச் சரக்கு. பக்கம் மட்டும் இந்த மாடியில் எழுதப்பட்டது.

“தம்பி, போனை வைக்காதீங்க” என்றாள்.

பிழைப் பட்டியலைத் திறந்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு சிவப்பு வரி கூட இல்லை. அவளை முதலில் உறுத்தியது அதுதான். விளக்கு எரியவில்லை என்றால் எங்கோ ஒரு பிழை இருந்தே ஆகவேண்டும். பிழை இருந்தும் சத்தம் இல்லை என்றால் யாரோ அதன் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

அவசரப்படாமல், எப்போதும் செய்கிற முறையிலேயே செய்தாள். ஒவ்வொரு செயற்கூறின் வாசலிலும் ஒரு வரி எழுதி வைத்தாள்: ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்று வந்தது. உள்ளே போய் முடிகிற இடத்தில் இன்னொன்று: ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்று முடிந்தது. ஆளில்லாத சோதனைப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினாள். ஆறு வரி வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. இரண்டு வந்தது. இரண்டு முடியவில்லை.

இரண்டாவதைத் திறந்தாள். அதைச் சுற்றி ஒரு வேலி கட்டியிருந்தது. உள்ளே என்ன பிழை நடந்தாலும் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் கீழே போட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போய்விடும் வேலி. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு.

‘பூசை முடிந்ததும் பார்க்க வேண்டும். – செ.வ.’

பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி.

அவள் கம்பெனியில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கனகவேல் ஏற்படுத்தியது. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் எல்லாப் பக்கங்களின் பிழைக் கணக்கும் சிவப்பில் ஓடும். பூசைக்கு முன்னால் அது சுழியம் ஆகவேண்டும். கணினிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, அந்தச் சுழியத்தின் முன்னால்தான் சூடம் காட்டுவார்கள். சிவப்பை வைத்துக்கொண்டு சரஸ்வதி முன்னால் நிற்கக் கூடாது என்பார் கனகவேல். போன வருடம் சாயந்தரம் நாலு மணிக்குத் திரையில் ஒரே ஒரு சிவப்பு பாக்கி. தொப்பிக் கம்பெனிக்காரன் புதுப் பதிப்பு அனுப்பியபோது உள்ளே ஒரு பெயரை மாற்றிவிட்டான். பழைய பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டாவது செயற்கூறு தடுக்கி விழுந்தது. அது விழுந்ததால் மூன்றாவதும் ஓடவில்லை. கீழே ஐயர் வந்து காத்திருந்தார். செண்பகவல்லி ஐந்து நிமிடத்தில் அந்த வேலியைக் கட்டினாள். சிவப்பு போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் புது வேலை ஒன்று வந்தது.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

“இப்ப யாராவது டேபிள்ல இருக்காங்களா?”

“ஒரு அம்மா இருக்காங்க. கர்ப்பப்பைக் கட்டி. ஆரம்பிச்சு பத்து நிமிசம் ஆச்சு.”

“அவங்களுக்குப் பல்ஸ் எவ்வளவு?”

“நூத்தி நாப்பத்தி ரெண்டு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான் ஏறுமாம்க்கா. தொப்பியோட குணம்னு...”

“டாக்டர்ட்ட போனைக் குடுங்க. ஓடுங்க!”

டாக்டர் ரெஜினாவின் குரல் எரிச்சலோடு வந்தது. “என்னங்க, கேஸ் நடுவுல?”

“டாக்டர், அந்த அம்மாவுக்கு வலிக்குது. எல்லாமே தெரியுது. அசைய முடியாம கெடக்காங்க. வலி நீக்குற ஃபங்ஷன் ஓடல. ஊசி ஏதாவது இருந்தா உடனே போடுங்க.”

 அந்தப் பக்கம் ஏதோ தட்டு விழும் சத்தம், “வலி மரத்துப்போற ஊசி எடு, சீக்கிரம்” என்ற குரல். செண்பகவல்லி காதிலிருந்து போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறேழு நிமிடம் கழித்து அந்தோணிராஜ் சொன்னான்: “நூத்திப் பத்துக்கு வந்திருச்சுக்கா... தொண்ணூறு.” கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணுலேருந்து தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சிஸ்டரு துடைச்சுத் துடைச்சு விட்டாங்க. வெளிச்சம் கூசுதுன்னு நினைச்சோம்.”

மத்தியானத்துக்குள் அவள் நாடித்துடிப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து வரிசைப்படுத்தினாள். போன பூசைக்கு முன்னால் எழுபதும் எண்பதுமாக இருந்தது. பூசைக்கு மறுநாளிலிருந்து நூற்று முப்பதுக்குக் கீழே ஒன்று கூட இல்லை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர்கூட வலித்தது என்று புகார் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி மூன்றாவது செயற்கூறு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அதை ஓடவைத்ததும் அவள்தான்.

கனகவேல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். டீயில் போடவேண்டிய சர்க்கரையை மேசையில் கொட்டினார்.

“பேரை மாத்தித் திருத்திட்டியா?”

“திருத்திட்டேன் அண்ணாச்சி. ஒரு வரிதான்.”

“அப்ப முடிஞ்சுது. இனிமே நடக்காது.”

“நடந்தது?”

“நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கு? உனக்கும் எனக்கும் அந்த டாக்டருக்கும். ஞாபகத்துல இல்லாத வலி ஒரு வலியா, நீயே சொல்லு.”

“நடக்கும்போது இருந்துச்சே.”

“இப்ப இல்லைல்லா? நிம்மதியா சோறு தின்னுட்டு இருக்கிறவனைக் கூப்பிட்டு, ‘உன்னை உசிரோட அறுத்தோம்’னு சொல்லப் போறியா? அது அவன் மனசு ஆறுறதுக்கா, உன் மனசு ஆறுறதுக்கா?”

 அவர் கேட்டதில் பாதி சரி என்றுதான் அவளுக்குப் பட்டது.

“பதினாலு குடும்பம் இதை நம்பி இருக்கு. உன்னைக் குத்தம் சொல்லல செண்பகம். சுழியம் ஆக்குன்னு நின்னவன் நான். உன்னைவிட எனக்குத்தான் உறக்கம் வராது. ஆனா வாயைத் திறக்காத. போய்ச் சொல்லித்தான் ஆவேன்னா கம்பெனி ஆளா போகாத.”

அவள் அந்தச் சர்க்கரையை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு தன்னிடம் இருந்த கம்பெனி அலமாரிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

டாக்டர் ரெஜினா அன்றைக்கே தொப்பியைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து மயக்க மருந்து டாக்டரை வரவழைத்திருந்தார். செண்பகவல்லி நேரில் போனபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“திருத்திட்டேன்னு சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

“நடு விளக்கு இப்ப பச்சையாகுது டாக்டர்.”

“விளக்கு பச்சையானா வலிக்காதுன்னு யார் சொன்னா? போன வருசம் உங்க சுவத்துலயும் எல்லாம் சுத்தமாத்தானே இருந்துச்சு?”

“மூணாவதை நிறுத்திட்டு யார்ட்டயாவது கேக்கணும். அதுதான் வழி.”

“மறதி இல்லாம. முழிச்சுக்கிட்டு. யார் ஒத்துக்குவா?”

“நான் படுக்குறேன்.”

“நோயில்லாத ஒடம்புல நான் கத்தி வைக்க முடியாதும்மா.” அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “இருநூத்திப் பதினாலு பேர்ல நூத்தி அறுபது பேரை வெட்டினது இந்தக் கை. பல்ஸைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வெட்டினேன்.”

வெளியே வராந்தாவில் அந்தோணிராஜ் காத்திருந்தான். “அக்கா, ஒருத்தர் இருக்காரு. லாரி டிரைவர். ஒம்பது மாசத்துக்கு முன்ன இங்கதான் தொப்பி மாட்டிக் கால்ல தகடு வச்சது, ஆணி உறுத்துது, எடுக்கணும்னு சீட்டு எழுதியிருக்கு. மூணு தடவை வந்தாரு. கேட்டைத் தாண்ட மாட்டேங்காரு. வாட்ச்மேன் சிரிக்கான்.”

அய்யாத்துரையின் வீடு எட்டயபுரம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாற்பத்தைந்து வயது ஆள். முடி தோளுக்குக் கீழே தொங்கியது, தாடி நெஞ்சைத் தொட்டது. அவர் மனைவி வேலம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டே விவரம் சொன்னாள். ஆஸ்பத்திரி ஆள் என்றதும் அவளுக்கு வாய் நிற்கவில்லை.

“வாங்க, வந்து பாருங்க உங்க வைத்தியத்தை. கால் நல்லாயிருச்சு, மண்டைதான் கெட்டுப்போச்சு. ஒன்பது மாசமாத் தலையில யாரையும் கைவைக்க விட மாட்டேங்காரு. முடிவெட்டுறவன் கையைத் தட்டிவிட்டுட்டுத் துண்டோட ஓடி வந்துட்டாரு. தெருவுல சின்னப்பயலுவல்லாம் ‘சாமியாரே, திருநீறு குடும்’னு கேக்கானுவ. மல்லாக்கப் படுக்கிறதில்ல. மூணு எடத்துல மந்திரிச்சுப் பார்த்தாச்சு.”

“வாயை மூடுட்டி” என்றார் அய்யாத்துரை. அதில் பலம் இல்லை.

செண்பகவல்லி பஸ்ஸில் வரும்போது என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தேதி, காரணம், யார் பொறுப்பு என்று வரிசையாக. தாளை எடுக்காமலே சொன்னாள். தொப்பி என்ன செய்யவேண்டும், எது ஓடியது, எது ஓடவில்லை. ஒன்றரை மணி நேரம் அவர் காலில் துளை போட்டு ஆணி முறுக்கியபோது அவருக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் வலித்தது, பிறகு அது அழிக்கப்பட்டது.

பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அய்யாத்துரை சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். அழுகைதான், ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“அப்போ எனக்குக் கோட்டி பிடிக்கல” என்றார். “வேலு, கேட்டியாட்டி? எனக்குக் கோட்டி இல்ல.”

வேலம்மாள் எழுந்து வந்தாள். கையில் சாம்பலும் நாரும் அப்படியே இருந்தன. “எந்தச் சண்டாளன் செஞ்ச வேலை இது?”

“அந்த வரியை எழுதினது நான்தாம்மா.”

“எதுக்கு?”

“அன்னைக்கு ஆயுத பூசை. திரையில பிழை எதுவும் தெரியக் கூடாதுன்னு.”

“சாமிக்கு அழகாத் தெரியணும்னு.” வேலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “பாக்க லெச்சணமாத்தான் இருக்கே. வெளிய போ தாயி. நான் ஏதாச்சும் பேசிருவேன்.”

“இரு” என்றார் அய்யாத்துரை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “திருத்தியாச்சுன்னு சொல்லுதியே, அதை எப்படி நம்புறது?”

டாக்டர் கேட்ட அதே கேள்வி. அதே பதிலைத்தான் சொன்னாள். ஒருவர் மறதி இல்லாமல் படுத்துப் பார்த்தால்தான் தெரியும், அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது என்றாள்.

அவர் காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்த இடத்தைத் தடவினார்.

“எனக்குத்தான் நாலு ஆணி எடுக்கணும்.”

“நீரு பேசாம இரும்!” வேலம்மாள் கத்தினாள். “திருநெல்வேலி டாக்டரு ஊசி போடுவாருல்லா, அதைப் போட்டுக்கிடும்.”

“போட்டுக்கிடலாம். அப்புறம் அந்தத் தொப்பியை இன்னொருத்தன் தலையில மாட்டுவாங்க. வலிச்சாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.” செண்பகவல்லியைப் பார்த்தார். “ஒரே ஒரு கண்டிசன். இந்தத் தடவை எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கணும். ஒரு நிமிசம் விடாம.”

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. தொப்பியை மாட்டும்போது இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவரே பிடிக்கச் சொன்னார். திரைக்கு முன்னால் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது செயற்கூறின் அழைப்பை அந்த ஆஸ்பத்திரிக் கணினியிலேயே அவள் கையால் நிறுத்தியிருந்தாள். இரண்டாவதைச் சுற்றி வேலி கிடையாது. விழுந்தால் சத்தம் போட்டு விழட்டும். டாக்டரின் பக்கத்தில் ஊசி மருந்து ஏற்றித் தயாராக இருந்தது.

பொத்தானை அழுத்தினாள். பச்சை. பச்சை. மூன்றாவது சாம்பல்.

நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு. கத்தி இன்னும் படவே இல்லை.

“பயம்” என்றார் டாக்டர். “பயம்னுதான் நினைக்கிறேன்.” அவர் குரலில் உறுதி இல்லை. கத்தியை வைத்தார்.

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினேழு. அந்த அறையில் யாரும் அய்யாத்துரையின் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் எண்ணைப் பார்த்தார்கள். நூற்று நான்கு. செண்பகவல்லி தன் விரல் நகத்தைத் தானே கிள்ளிக்கொண்டிருப்பதை ரத்தம் வந்த பிறகுதான் கவனித்தாள். தொண்ணூற்றாறு. எண்பத்திரண்டு. அங்கேயே நின்றது. நாலாவது ஆணி தட்டில் விழுந்தபோது இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

தொப்பியைக் கழற்றியதும் அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார்.

“வலிச்சுதா அண்ணே?” என்றாள் செண்பகவல்லி.

“டாக்டரம்மா ஒவ்வொரு ஆணி எடுக்கும்போதும் ‘மன்னிச்சிருங்க’ன்னு சொன்னாங்க. நாலு ஆணிக்கு நாலு தடவை. யாருக்கும் கேக்காத மாதிரி.” டாக்டர் ரெஜினா முகக்கவசத்தைக் கழற்றாமலே வெளியே போய்விட்டார். “தட்டுறது தெரிஞ்சுது. இழுக்கிறது தெரிஞ்சுது. வலி இல்ல. கொஞ்சங்கூட இல்ல.”

செண்பகவல்லி மூச்சை விட்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை.

“வாயைத் திறக்கணும்னு பாத்தேன். திறக்கல. நாக்கு கல்லு மாதிரி கெடந்துச்சு. போன தடவை அதுக்குள்ள கெடந்து எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? யாரைக் கூப்பிட்டிருப்பேன்?”



மறுநாளிலிருந்து செண்பகவல்லி அந்த இருநூற்றுப் பதினான்கு பேரின் பட்டியலோடு கிளம்பினாள். கடைசிப் பெயரிலிருந்து தொடங்கினாள். அது, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போனைக் காதில் வைத்திருந்தபோது ஆபரேஷன் மேசையில் கிடந்த பெண். பெயர் செல்வராணி. சாத்தூர் போகிற வழியில் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருந்தாள். போகும்போதே மனதில் அய்யாத்துரையின் முகம் இருந்தது. சொன்னதும் இவளுக்கும் ஏதோ ஒன்று விளங்கும், இறுகிக் கிடந்தது அவிழும் என்று நம்பிக்கொண்டு போனாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்தா? வாங்கக்கா, உக்காருங்க!” செல்வராணி நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். கலகலப்பான பெண். “அதுக்குள்ள பாக்க வந்துட்டீங்களே! நான் நல்லாத்தான் இருக்கேன். தையல்கூடப் பிரிச்சாச்சு.”

“தூக்கம் எல்லாம் எப்படி?”

“அடிச்சுப் போட்ட மாதிரி.”

“பயம் ஏதாவது? தலையில கை பட்டா, மல்லாக்கப் படுத்தா?”

“எனக்கு என்னக்கா பயம்? காலையிலகூடத் தலையில எண்ணெய் வச்சு விடச் சொல்லி மகள்ட்ட சண்டை.” சிரித்தாள். “என்ன மாயமோ, ஒண்ணுமே தெரியல பாத்துக்கோங்க. படுத்தது ஞாபகம் இருக்கு, எந்திரிச்சது ஞாபகம் இருக்கு. பத்து வருசமா இந்தக் கட்டிக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன், இவ்வளவுதானான்னு ஆயிருச்சு. என் தங்கச்சியையும் அங்கேயே பண்ணிக்கச் சொல்லியிருக்கேன்.”

செண்பகவல்லி தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனகவேல் கேட்டது காதில் ஒலித்தது. இப்போதே எழுந்து போய்விடலாம். சும்மா நலம் விசாரிக்க வந்தேன் என்று சொன்னால் இந்தப் பெண் காப்பி போட்டுக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்புவாள். இந்த ஒரு வீட்டை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். பதினொரு மாதத்துக்கு முன்னால் சாயந்தரம் நாலு மணிக்கும் அவள் அதைத்தான் நினைத்தாள், இந்த ஒன்றை மட்டும்.

“என்னக்கா, ஏதோ சொல்ல வந்தீங்க போல?”

அவள் சொன்னாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னாள்.  கண்ணீரைத் துடைத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னாள்.

செல்வராணியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.   தையல் மிஷினின் மேல் இருந்த கை மட்டும் மெல்ல இறங்கி, புடவைக்கு மேலாக, அடிவயிற்றில் போய்ப் பொத்திக்கொண்டது.

“எத்தனை நிமிசம்?” என்றாள்.

“பதினேழு.”

செல்வராணி தலையாட்டினாள். கையை எடுக்கவே இல்லை.